சுருங்கிய துளையை அளப்பது

மூங்கிலுக்கு உட்துளையை இயற்கையே போட்டுக் கொடுத்துவிடுகிறது. 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியரின் ட்ராவெர்ஸோ என்ற மரக்குழலில் அந்தச் சலுகை கிடையாது. பாக்ஸ்வுட் கட்டையைக் கடைந்து, துளையையும் நாம்தான் இழைக்க வேண்டும். தலைப்பகுதியில் சுமார் 19 மில்லிமீட்டர் இருக்கும் உட்துளை, கீழே போகப்போக 14 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகும். குழலின் குணம் முக்கால்வாசி அந்தக் குறுகலில்தான்.

அதனால் பழைய குழலைப் பார்த்துப் புதிது செய்பவர் முதலில் அளப்பது உள்ளேதான். கோலின் நுனியில் சிறு வட்டத்தட்டைப் பொருத்தி உள்ளே விட்டு, எங்கே தட்டி நிற்கிறது என்று குறித்துக்கொள்வோம். பிறகு அதைவிடச் சிறிய தட்டு, அதைவிடச் சிறியது. சிக்கல் என்னவென்றால், மரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் கூடுதலாகவும் குறுக்கே குறைவாகவும் சுருங்கும். இருநூற்றைம்பது ஆண்டுகளில் வட்டம் முட்டை வடிவமாகிவிடுகிறது. தட்டோ குறுகிய பக்கத்தில் இடித்து நின்றுவிடும். அந்த எண்ணை நம்பித் துளை இழைக்கும் ரீமரைத் தீட்டினால், நாம் நகலெடுப்பது பழைய கைவினைஞரின் துளையை அல்ல, மரம் சுருங்கிய கணக்கை. நான் இரு திசையிலும் அளந்து, அகலமான பக்கத்தையே பெரிதும் நம்புவேன். இதில் கருத்து வேறுபாடு உண்டு. அளவு சொன்னதை அப்படியே செய்பவர்களும் நல்ல குழல் தருகிறார்கள்.

விரல்துளையின் உள்விளிம்பைச் சிறு கத்தியால் சுரண்டி ஸ்வரம் திருத்துவது அடுத்த வேலை. இழை இழையாகச் சீவி, ஊதிப் பார்த்து, மறுபடி சீவ வேண்டும். சீவியதை ஒட்டவைக்க முடியாது. ஆறு விரல்துளை, ஒரே ஒரு சாவி. மற்ற ஸ்வரங்களுக்கெல்லாம் நடுவில் துளையைத் திறந்துவிட்டுக் கீழே மூடும் குறுக்குவிரல்தான். அப்படி வரும் ஸ்வரங்கள் சற்று மங்கலாக, திரைக்குப் பின்னால் ஒலிப்பது போல வரும். இதைக் குறை என்று எண்ணி எல்லாவற்றையும் சமமாக்கப் பார்ப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 1747-இல் பாக் பிரஷ்ய மன்னர் ஃபிரெடெரிக்குக்காக எழுதிய மூவிசை சொனாட்டா சி மைனரில் இருக்கிறது. மங்கலான ஸ்வரங்கள் நிறைந்த சுருதி அது. போயம் என்பவரின் உலோகக் குழல் நூறாண்டு பிந்தி 1847-இல் வந்தது. அதில் எல்லா ஸ்வரமும் ஒரே வெளிச்சம். மன்னரின் குழல் ஆசிரியர் க்வான்ட்ஸோ எதிர்த்திசையில் போனவர்: ஈ ஃபிளாட்டும் டி ஷார்ப்பும் ஒன்றல்ல என்று சொல்லி இரண்டாவது சாவியைச் சேர்த்தார்.

புதுக் குழலை முதல் சில வாரம் நாளுக்குக் கொஞ்ச நேரம்தான் ஊத வேண்டும். ஊதியதும் துணியால் ஈரத்தைத் துடைத்து, பிரித்தே வைக்க வேண்டும். பாதாம் எண்ணெய் லேசாகப் போதும். சாவியின் தோல் அட்டையில் படவே கூடாது. இணைப்பில் சுற்றும் மெழுகு நூல்தான் பலர் கவனிக்காதது. மழைக்காலத்தில் மூட்டு இறுகினால் சிலர் பலத்தைக் காட்டித் திருகுவார்கள். நூல் இறுகினால் மூட்டுக்குள் துளையும் நசுங்கும், ஸ்வரம் தடுமாறும். இரண்டு சுற்று நூலைக் கழற்றிவிட்டால் போதும்.