சுத்தமான டீசல்: நுரையீரலுக்கு நல்லது, பழைய பம்புக்கு?

டீசல் என்ற பெயரைக் கேட்டதும் கரும்புகைதான் ஞாபகத்துக்கு வரும். அந்தப் புகை சும்மா முகத்தில் கரி பூசிவிட்டுப் போவதில்லை. டீசல் புகை மனிதனுக்குப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் திட்டவட்டமாகவே சொல்லிவிட்டது. எனவே டீசலைச் சுத்தப்படுத்த வேண்டுமா என்ற கேள்விக்கே இடமில்லை. சுத்தப்படுத்தும்போது எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது, அதற்கான செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் அதிகம் பேசப்படாத விஷயம்.

முதலில் கணக்கு. டீசலில் இருக்கும் முக்கிய வில்லன் கந்தகம். 2000ஆம் ஆண்டு இந்தியாவில் டீசலில் 2500 பிபிஎம் வரை கந்தகம் இருக்கலாம் என்று விதி இருந்தது. பிஎஸ்-3 வந்தபோது அது 350, பிஎஸ்-4இல் 50. பிஎஸ்-5ஐத் தாண்டிக் குதித்து 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-6 வந்ததும் வெறும் 10! இன்னும் எளிமையாகச் சொன்னால், 40 லிட்டர் டேங்கை நிரப்பினால் அன்று அதில் 80 கிராமுக்கு மேல் கந்தகம் இருக்க முடியும். இன்று அரை கிராம் கூட இருக்க முடியாது.

இதனால் எஞ்சினுக்கு லாபம்தான். கந்தகம் எரிந்து, எரியும்போது உண்டாகும் நீராவியோடு சேர்ந்தால் அமிலமாகிறது. அந்த அமிலம் பிஸ்டன் ரிங்கையும் லைனரையும் அரிக்கும், எஞ்சின் ஆயிலையும் சீக்கிரம் கெடுக்கும். கந்தகம் குறைந்தால் இந்தத் தொல்லையும் குறைகிறது. தவிர, புகைக்குழாயில் பொருத்தும் கேட்டலிஸ்டைக் கந்தகம் முடக்கிவிடும் என்பதால், எரிபொருள் சுத்தமாகாமல் நவீன வடிகட்டிகளைப் பயன்படுத்தவே முடியாது.

சரி, அப்படியானால் சிக்கல் எங்கே?

டீசல் வெறும் எரிபொருள் மட்டும் இல்லை. பல எஞ்சின்களில் டீசல் பம்புக்கு அதுவே மசகு எண்ணெயும் கூட. பழைய கார்களில் இருக்கும் ரோட்டரி வகைப் பம்பின் உள்பாகங்களுக்குத் தனியாக ஆயில் கிடையாது. ஓடுகிற டீசலின் வழவழப்பிலேயே அவை உயிர் வாழ்கின்றன. மண்ணெண்ணெய் கலந்த டீசல் பம்பைத் தின்றுவிடும் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதனால்தான். சுத்திகரிப்பு ஆலையில் ஹைட்ரஜனைச் செலுத்திக் கந்தகத்தைப் பிரிக்கும்போது, வழவழப்பைத் தரும் வேறு சில ஆக்சிஜன், நைட்ரஜன் சேர்மங்களும் சேர்ந்தே போய்விடுகின்றன. தவிட்டை நீக்கப் போய் அரிசியின் சத்தும் போன கதை!

இந்தப் பாடத்தை முதலில் படித்தது ஸ்வீடன். 1990களின் தொடக்கத்தில் அந்த நாடு வரிச்சலுகை கொடுத்து 10 பிபிஎம் டீசலைக் கொண்டுவந்தது. ஊர்க்காற்று சுத்தமானது, ஆனால் வண்டிகளின் பம்புகள் சீக்கிரமே தேய்ந்து பழுதாக ஆரம்பித்தன. அதன் பிறகுதான் வழவழப்பையும் அளக்க வேண்டும் என்று உலகத்துக்கு உறைத்தது. சோதனை சுலபமானது. டீசலில் மூழ்கிய ஒரு இரும்புத் தட்டின் மேல் சிறிய இரும்புக் குண்டை 75 நிமிடம் தேய்ப்பார்கள். குண்டில் விழும் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது. ஐரோப்பாவைப் போலவே இந்தியத் தர விதியும் இதே எல்லையைத்தான் வைத்திருக்கிறது. இதற்காக ஆலையிலேயே மசகுச் சேர்மங்களைக் கலக்கிறார்கள். ஆகவே, பிஎஸ்-6 டீசல் போட்டால் பழைய பம்பு உடனே போய்விடும் என்று பயப்படத் தேவையில்லை.

இங்கேதான் பயோடீசல் கதைக்குள் நுழைகிறது. டீசலில் வெறும் 2 சதவீதம் பயோடீசல் கலந்தாலே இழந்த வழவழப்பு பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

பயோடீசல் என்றால் சமையல் எண்ணெயை அப்படியே டேங்கில் ஊற்றுவது என்று சிலர் நினைக்கிறார்கள். ரொம்பத் தப்பு! 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது உண்மைதான். ஆனால் தாவர எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டியானது. இன்றைய எஞ்சினில் ஊற்றினால் நாசில் கரி பிடித்து அடைத்துக்கொள்ளும். அந்த எண்ணெயை மெத்தனாலோடும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவோடும் வினைபுரிய வைத்து, கிளிசரினைப் பிரித்த பிறகு கிடைப்பதே பயோடீசல்.

அதன் நல்லது கெட்டது இரண்டையும் பார்ப்போம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, அன்றைய கனரக எஞ்சின்களில் முழு பயோடீசலை ஊற்றினால் புகைத்துகள் 47 சதவீதம், கார்பன் மோனாக்சைடு 48 சதவீதம் குறைகிறது. ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு 10 சதவீதம் கூடுகிறது. லிட்டருக்குக் கிடைக்கும் சக்தியும் சுமார் 8 சதவீதம் குறைவு. 7 சதவீதக் கலவையில் இது அரை சதவீதம் அளவுக்குத்தான் வரும் என்பதால் மைலேஜில் தெரியாது.

பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு:

முதலாவது, பயோடீசல் ஒரு நல்ல கரைப்பான். டேங்கின் அடியில் வருஷக்கணக்கில் படிந்த கசடைக் கிளப்பிவிடும். அது நேராக ஃபில்டரில் போய் அடைக்கும். அதிகக் கலவைக்கு மாறியதும் வண்டி இழுக்கவில்லை என்றால், பம்பைக் கழற்றும் முன் ஃபில்டரைப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

இரண்டாவது, இயற்கை ரப்பரும் சில வகைச் செயற்கை ரப்பரும் நாளடைவில் இளகி உப்பிவிடும். பழைய ஓஸ், ஓரிங்குகளை அதற்கேற்ற வகையாக மாற்ற வேண்டியிருக்கும்.

மூன்றாவது, பயோடீசல் ஈரத்தை இழுக்கும், காற்றுப் பட்டால் கெடும். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் காருக்கு அது சரிப்படாது.

புதிய கார்களுக்கு வேறு தலைவலி. பிஎஸ்-6 டீசல் கார்களில் கரித்துகளைப் பிடிக்க வடிகட்டி இருக்கிறது. அதில் சேர்ந்த கரியை எரிக்க, பல எஞ்சின்கள் சிலிண்டருக்குள் கடைசி நேரத்தில் கூடுதலாக டீசலைப் பீய்ச்சுகின்றன. அதில் கொஞ்சம் சுவர் வழியாக வழிந்து எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். சாதாரண டீசலின் ஒரு பகுதி சூட்டில் ஆவியாகிவிடும். பயோடீசலின் கொதிநிலை அதிகம் என்பதால் அது ஆயிலிலேயே தங்கி, ஆயிலை நீர்க்கச் செய்கிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறினால் சந்தோஷப்படக் கூடாது! ஐரோப்பாவும் இந்தியாவும் சாதாரண டீசலில் 7 சதவீதத்தோடு எல்லை வகுத்திருப்பதற்கு இதுபோன்ற காரணங்கள் உண்டு.

சரி, அந்த 7 சதவீதத்துக்காவது எண்ணெய் எங்கே? காட்டாமணக்கு நட்டால் தரிசு நிலமெல்லாம் எண்ணெய்க் கிணறாகும் என்று 2003 முதல் இந்தியாவில் பெரிய கனவு காணப்பட்டது. தமிழ்நாட்டிலும் விவசாயிகள் நம்பி நட்டார்கள். தண்ணீரும் உரமும் இல்லாமல் அது காய்க்கவில்லை. 2017க்குள் 20 சதவீதம் என்ற 2009ஆம் ஆண்டு இலக்கு, 2018இல் வந்த கொள்கையில் 2030க்குள் 5 சதவீதமாகச் சுருங்கியது. இந்தோனேசியா மட்டும் பாமாயிலை வைத்து 2025இல் 40 சதவீதக் கலவைக்குப் போய்விட்டது. அதற்கு அங்கே காடுகள் கொடுத்த விலை தனிக்கதை. சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் இந்தியாவுக்கு அந்த வழி ஒத்துவராது. பஜ்ஜி, வடை பொரித்து மீந்த எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசலாக்குவதுதான் இங்கே நியாயமான வழி. அதே எண்ணெய் மறுபடி வாணலிக்கு வராமல் இருப்பது கூடுதல் லாபம்.

கடைசியாக, அந்தச் செலவுக் கணக்கு. சுத்தமான எரிபொருளின் லாபம் சாலையில் மூச்சுவிடும் எல்லோருக்கும். ஓஸ், ஃபில்டர் மாற்றும் செலவு மட்டும், செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய காரை வைத்துப் பிழைப்பு நடத்தும் வாடகை வண்டிக்காரருக்கு. பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலந்தபோது 2025இல் எழுந்த கோபத்துக்கும் இதுதான் அடிப்படை. கலப்பது தவறு என்பதைவிட, கேட்காமலும் சொல்லாமலும் கலந்தார்கள் என்பதே பலருடைய ஆதங்கம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 அக்டோபர் முதல் பம்பிலும் புதிய வண்டியின் டேங்க் மூடி அருகிலும் ஒரே மாதிரி குறி ஒட்டுகிறார்கள். டீசலுக்குச் சதுரம், உள்ளே பி7 என்று எழுத்து. இரண்டும் பொருந்தினால் ஊற்றலாம், அவ்வளவுதான். பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை, ஒரு ஒட்டுச்சீட்டு! டீசலில் கலவை கூடுவதற்கு முன்பே இங்கே ஒவ்வொரு பம்பிலும் அப்படி ஒன்று கட்டாயமானால், அந்த வாடகை வண்டிக்காரர் தன் ஓஸை முன்கூட்டியே மாற்றிக்கொள்வார். நடுரோட்டில் நின்ற பிறகு காரணம் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.