முக்கால் கிணறு தாண்டிய ரயில்

எம்.எஸ். கனவோட லாஸ் ஏஞ்சலஸ் கிளம்பப் போறீங்களா பாஸ்? ஏறக்குறைய ஒரு நாள் பயணம். கையில ஐ-20, தோள்ல லேப்டாப், தள்ளுவண்டியில தலா 23 கிலோவுக்கு ரெண்டு பெட்டி. அதுல ஒண்ணுல அம்மா திணிச்ச குக்கரும் பருப்புப்பொடியும். டாக்ஸிக்கு டாலரை எண்ணிக் கொடுக்க மனசு வருமா? "ரயில் இருக்கா?"ன்னுதான் கேட்பீங்க. இருக்கு. ஆனா அது விமான நிலையம் பக்கம் வந்து சேர்ந்த கதை, நம்ம ஊர் மெகா சீரியலை விட நீளம்!

கதை தொடங்குற இடம், ஏவியேஷன் புலிவார்டும் இம்பீரியல் ஹைவேயும் சந்திக்கிற முனை. அங்கே தூண்கள் மேல உயர்ந்து நிற்கிறது ஒரு ஸ்டேஷன். 1995 ஆகஸ்ட் 12-ம் தேதி 'கிரீன் லைன்' என்ற லைட் ரயில் பாதையோடு திறந்தார்கள். பிளாட்பாரத்தில் நின்று வடக்கே பார்த்தால் போதும்... ஒன்றன்பின் ஒன்றாக விமானங்கள் மேற்கு நோக்கித் தாழ்ந்து வந்து ரன்வேயைத் தொடும். அவ்வளவு கிட்ட!

ஆனா டெர்மினலுக்குப் போகணும்னா? பெட்டியோட கீழே இறங்கி, ஷட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்து, டிராஃபிக்ல ஊர்ந்து போகணும். பல வருஷமா ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் விமான நிலையத்தோட பெயர் இருந்தது. தண்டவாளம்தான் அங்கே போகலை.

ஏன்? 'டாக்ஸிக்காரங்களும் பார்க்கிங்காரங்களும் சேர்ந்து தடுத்துட்டாங்க'ன்னு அந்த ஊர்ல ஒரு பேச்சு உண்டு. நம்ம டிபார்ட்மென்ட்டுக்குப் பிடிச்ச காரணம் வேற. லைட் ரயில் ஓடுறது தலைக்கு மேல போகிற மின்கம்பியில், 750 வோல்ட் டி.சி.யில். விமானம் இறங்கும் வழிக்கு நேர் கீழே உயரமான பாலம் போட்டு, அதுக்கு மேல கம்பியும் கட்டினா என்ன ஆகும் என்று விமானப் போக்குவரத்து நிர்வாகம் கவலைப்பட்டது. பணமும் பத்தவில்லை. ரயில் தெற்கே திரும்பி எல் செகுண்டோ போய்விட்டது. அங்கே விமான, ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகள். கெட்ட நேரம் பாருங்க, பாதை தயாராகிறதுக்குள்ள அமெரிக்க-சோவியத் பனிப்போர் முடிஞ்சு, அந்த வேலைகளே குறைய ஆரம்பிச்சிடுச்சு.

இதில் சிரிக்க முடியாத பகுதி ஒன்று இருக்கிறது. இந்த ரயிலின் பெரும்பகுதி ஓடுவது 105-ம் எண் நெடுஞ்சாலையின் நட்டநடுவே. அந்தச் சாலைக்காக 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். 1972-ல் மக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1979-ல் உடன்பாடு வந்தது: மாற்று வீடுகள், உள்ளூர்க்காரர்களுக்கு வேலை, சாலை நடுவே பொதுப் போக்குவரத்துக்கு இடம். ஆக, இந்த ரயில் அரசாங்கம் சும்மா தூக்கிக் கொடுத்த பரிசு இல்லை. வீட்டை இழந்த ஏரியாவுக்குக் கொடுத்த வாக்கு. கார் இல்லாமல் விமான நிலையத்துக்கு வேலைக்குப் போகிற தொழிலாளியை யோசிச்சுப் பாருங்க. நமக்கு அந்த ஷட்டில் பஸ் ஒரு நாள் அவஸ்தை. அவருக்கு தினமும் ரெண்டு தடவை.

'ஸ்பீட்' (1994) படத்தில் பஸ் பாலத்து இடைவெளியைத் தாண்டிக் குதிக்குமே, ஞாபகம் இருக்கா? அதை எடுத்தது இதே 105-ம் 110-ம் சந்திக்கிற இடத்தில், அப்போது புதுசாகக் கட்டியிருந்த பாலத்தில். பாலம் முழுசாத்தான் இருந்தது. ஓட்டை மட்டும் கம்ப்யூட்டர் வேலை. சினிமாவில் இல்லாத பள்ளத்தை பஸ் தாண்டிடுச்சு. நிஜத்தில் மூணு, நாலு கிலோமீட்டரை ரயிலால தாண்ட முடியலை!

தீர்வு? மேலே போனாத்தானே பிரச்னை... கீழே போ! 2022 அக்டோபர் 7-ம் தேதி திறந்த 'கே லைன்' பாதை, தெற்கு ரன்வேக்களின் ஓரத்தில் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளம் வெட்டி ஓடுகிறது. விமானம் மேலே, ரயில் கீழே. சண்டை முடிஞ்சது. 2025 ஜூன் 6-ம் தேதி விமான நிலையத்துக்கென்றே புது மெட்ரோ ஸ்டேஷன் வந்தது. கிரீன் லைன் இப்போ 'சி லைன்'. அதுவும் அங்கே வருகிறது. பழைய ஸ்டேஷன் 'ஏவியேஷன்/இம்பீரியல்' என்ற பெயரோடு வழியில் நிற்கிறது.

அப்பவாவது டெர்மினல் வாசல் வரைக்கும் ரயிலா? பொறுங்க. டெர்மினல்களை இணைக்க 2.25 மைல் நீளத்துக்கு டிரைவர் இல்லாத குட்டி ரயில் ஒன்றை 2019-ல் கட்ட ஆரம்பித்தார்கள். 2023-ல் முடிய வேண்டியது தள்ளிக்கொண்டே போனது. புது ஸ்டேஷன் திறந்த அன்றும் கடைசித் துண்டுக்குக் கைகொடுத்தது அதே ஷட்டில் பஸ்தான்!

சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் போறவங்க குறிச்சுக்கோங்க: புது ஸ்டேஷன்ல கே லைன் ஏறுங்க, எக்ஸ்போ/கிரென்ஷா ஸ்டேஷனில் இறங்கி கிழக்கே போகிற 'ஈ லைன்' பிடிங்க, கேம்பஸ் வாசல்கிட்டயே இறங்கலாம். டிக்கெட் 1.75 டாலர், ரெண்டு மணி நேரத்துக்குள் வண்டி மாறினால் தனிக் கட்டணம் இல்லை. அவசரம் இல்லைன்னா இன்னொரு நாள் ஏவியேஷன்/இம்பீரியல்ல இறங்கி, விமானங்களைப் பத்து நிமிஷம் வேடிக்கை பாருங்க.

நாளைக்கு நம்மில் யாராவது ஒருத்தர் ஏதோ ஒரு ஊர்ல ரயில் பாதைக்கு டிராயிங் போடப் போறோம். 'இன்னும் கொஞ்ச தூரம்தானே, பஸ் விட்டுக்கலாம்'னு யாராவது மீட்டிங்ல சொன்னா, அவங்க கையில 23 கிலோ பெட்டி ரெண்டைக் கொடுத்து, அந்தத் தூரத்தை நடந்துட்டு வரச் சொல்லுங்க. அப்புறம் கையெழுத்து போடலாம்.