போர்டு போகலை!

கம்ப்யூட்டர் திரையில் கோடு கோடாக விழுந்தாலோ, பாதிப் பக்கம் கறுத்துப்போனாலோ, நம்மவர்கள் முதலில் செய்கிற காரியம் மானிட்டர் தலையில் ஒரு தட்டு தட்டுவது. பழைய டி.வி. பழக்கிவிட்ட வைத்தியம். அதற்கும் மசியவில்லை என்றால் சர்வீஸ் கடை. போன வேகத்தில், 'போர்டு போச்சு சார், புதுசு வாங்கிடுங்க' என்று தீர்ப்பு.

இந்தத் தீர்ப்புக்கு அப்பீல் உண்டு.

அவனியாபுரத்தில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். இருப்பது ஒரே ஒரு செகண்ட் ஹாண்ட் கம்ப்யூட்டர். கரண்ட் பில், பட்டா, பரீட்சை ரிசல்ட் எல்லாம் அதில்தான். மார்கழிக் கடைசியில் அந்தக் கடைக்குத் தனி மவுசு. தை முதல் நாள் அவனியாபுரம் ஜல்லிக்கட்டு, மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர். சில வருடங்களாக காளைக்கும் மாடுபிடி வீரருக்கும் மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில்தான் பதிவு. கிடைக்கிற அவகாசம் கொஞ்சம். 2025-ல் ஒரே ஒரு நாள்தான். அந்த நேரத்தில் திரை கறுத்தால், வருடம் பூராவும் பருத்திக்கொட்டை வைத்து வளர்த்த காளை வாடிவாசலைப் பார்க்காது.

அப்படியொரு சீசனுக்கு நாலு நாள் முன்னால் அக்காவிடமிருந்து போன். "தம்பி, பூராவும் கறுப்புக் கறுப்பா விழுகுது. போர்டு மாத்தணும்னு சொல்லிட்டாங்க. பொங்கல் செலவுக்கு நடுவுல எங்க போக?"

"எதைத் திறந்தாலும் இப்படி வருதாக்கா?"

"இல்லப்பா. டைப் அடிக்கிறப்ப நல்லாத்தான் இருக்கு. நெட்டுக்குப் போனாத்தான் வருது."

பாதி விடை அதிலேயே இருக்கிறது. போர்டே போயிருந்தால் எங்கேயும் ஒழுங்காகத் தெரியக் கூடாதே!

விஷயம் இதுதான். முன்பெல்லாம் பிரவுசர், பக்கம் வரைகிற வேலையைப் பிராசஸரை வைத்தே முடித்துக்கொண்டது. 2011-ல் வந்த ஃபயர்பாக்ஸ் 4, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 9 காலத்திலிருந்து அந்த வேலை கிராஃபிக்ஸ் சிப்புக்கும் போக ஆரம்பித்தது. சமையல்காரரே பந்தியிலும் ஓடாமல், பரிமாறத் தனி ஆள் வைப்பது மாதிரி. இதற்குப் பெயர் 'கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷன்'. இருவருக்கும் நடுவே 'டிரைவர்' என்கிற மென்பொருள்தான் தரகர். பிரவுசர் மாதாமாதம் புதுசாகிக்கொண்டே போக, தரகர் மட்டும் பழைய ஆளாகவே இருந்தால் பேச்சு குழறும். திரை கறுக்கும்.

குரோமில் வலது மேல்மூலை மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சிஸ்டம். அங்கே கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷன் என்று ஒரு ஸ்விட்ச். அதை அணைத்து 'ரீலாஞ்ச்' கொடுங்கள். ஃபயர்பாக்ஸில் செட்டிங்ஸில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதி. சிபாரிசு டிக்கை எடுத்தால், ஆக்ஸிலரேஷன் டிக் தெரியும். ஒரு எச்சரிக்கை: பாதி நிரப்பிய படிவம் ஏதும் திறந்திருந்தால் முதலில் முடித்துவிடுங்கள். ரீலாஞ்சில் அது காணாமல் போகலாம்.

அக்கா அணைத்தார். திரை பளிச்சென்று ஆனது. "சரியாயிருச்சு தம்பி!" என்றார் சந்தோஷமாக.

சரியாகவில்லை. பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும்... டிரையல் பேலன்ஸ் ஒத்துவராவிட்டால், வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்'டில் தள்ளிவிட்டு மற்ற வேலையைப் பார்ப்போம். கணக்கு டேலி ஆகிவிடும். தப்பு மட்டும் எங்கேயோ உயிரோடு இருக்கும். ஸ்விட்சை அணைப்பதும் அப்படித்தான். வரைகிற பாரம் முழுக்கப் பிராசஸர் தலையில். வீடியோ திக்கும், ஃபேன் இரையும், லேப்டாப் என்றால் சார்ஜ் சீக்கிரம் தீரும்.

எனவே அடுத்த படி: கம்ப்யூட்டரையோ சிப்பையோ தயாரித்த கம்பெனியின் இணையதளத்திலிருந்து புது டிரைவர் இறக்கிப் போட வேண்டும். பிரவுசரையும் புதுப்பித்து, ஸ்விட்சை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். அக்காவுக்கு அதிலேயே தீர்ந்துபோனது. பழைய சிப்புக்குப் புது டிரைவர் கிடைக்கவில்லையா? ஸ்விட்ச் அணைந்தே இருக்கட்டும். கொஞ்சம் மெதுவாக ஓடும், அவ்வளவுதான்.

நியாயமாகச் சொல்லிவிடுகிறேன், நிஜமாகவே போர்டு போவதும் உண்டு. பவர் போட்டதும், விண்டோஸ் வருவதற்கு முன்பே திரை கந்தலாகத் தெரிந்தால் கோளாறு பிரவுசரில் இல்லை. இன்னொரு சோதனை: 'பிரின்ட் ஸ்கிரீன்' எடுத்து அந்தப் படத்தை உங்கள் செல்போனில் பாருங்கள். படத்திலும் கோடு இருந்தால் குற்றவாளி உள்ளே. படம் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் மானிட்டரோ, கேபிளோதான். கேபிளுக்காக யாரும் போர்டு மாற்ற வேண்டியதில்லை.

இத்தனைக்கும் ஆகிற நேரம் ஒரு மணிக்கும் குறைவு. செலவு, ஒரு டிரைவர் இறக்குகிற டேட்டா. அடுத்த முறை யாராவது 'போர்டு போச்சு' என்றால், பர்ஸைத் தொடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஆக்ஸிலரேஷனை அணைச்சுப் பாத்தீங்களாண்ணே?"