மறக்கருணை

இறைவன் ஒறுப்பவனோ, காப்பவனோ என்னும் வினாவை யாழ்ப்பாணத்துச் சைவ மக்கள் பெரும்பாலும் கோயில் மண்டபத்திலேயே கேட்டறிந்தனர். ஒருவர் செய்யுளை இசையோடு படிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, கச்சியப்ப சிவாசாரியார் காஞ்சியிற் பாடிய கந்தபுராணம் பதினாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களோடும் இக்குடாநாட்டவரின் சொந்த நூலாயிற்று. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் எம்மவர் வாழ்வைக் 'கந்தபுராண கலாசாரம்' என்று குறித்தமை வெறும் புனைந்துரையன்று.

அந்நூலிலே சூரபன்மனுக்கு ஆயிரத்தெட்டு அண்டங்களையும் நூற்றெட்டு யுக வாழ்வையும் ஈந்தவர் சிவபெருமான். அவனை அடக்கக் குமாரக் கடவுளைத் தோற்றுவித்தவரும் அவரே. கடலிடையே மாமரமாகி நின்ற சூரனை வேல் பிளக்கின்றது. பிளவுண்ட கூறுகள் மயிலும் சேவலுமாகி, ஊர்தியும் கொடியுமாகின்றன. பகைவன் அழிந்தானென்பதா, ஆட்கொள்ளப்பட்டானென்பதா? மாணவப் பருவத்தில் எமக்கு இந்த ஐயம் எழுந்ததில்லை. சூரன் போர் பார்க்கச் சென்ற நாம் சூரனுக்கு எப்பொழுது தலை மாற்றுவார்கள் என்பதிலேயே கண்ணாயிருந்தோம்!

கருதத்தக்கது அதற்கு முந்திய கட்டமாகும். போரினிடையே பெருமான் தம் பேருருவைக் காட்ட, இவனைப் பாலனென்று இகழ்ந்தோமே எனச் சூரன் மனமுருகித் துதிக்கின்றான். பேருரு மறைந்ததும் அந்நல்லுணர்வும் மறைய, மீண்டும் படைக்கலம் எடுக்கின்றான். உருகிய நெஞ்சை அவ்வாறே ஏற்றருளியிருக்கலாகாதோ? ஆணவம் காட்சியளவில் ஒடுங்குமேயன்றிக் கழலாது, அதனைக் கழற்ற வேலே வேண்டியதாயிற்று என்று பயன் சொல்வோர் விளக்குவர். அருணந்தி சிவாசாரியாரும் சிவஞான சித்தியாரிலே, சொல்வழி நில்லாப் புதல்வரைப் பெற்றோர் அடிப்பதும், மருத்துவன் சில நோயை அறுத்துத் தீர்ப்பதும், சில நோய்க்குப் பாலும் கட்டியும் கொடுத்துத் தீர்ப்பதும் காட்டி, இறைவன் முனிவும் பரிவே என நிறுவினார். இதனையே மறக்கருணை என்று நம் முன்னோர் வழங்கினர்.

கொள்கை தெளிவானதே. ஆயினும் 1995ஆம் ஆண்டு ஐப்பசியிலே, கந்தசட்டி நாட்களை அடுத்து, ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலம் வழியே தென்மராட்சி நோக்கி மழையில் நடந்தபோது, அக்கூட்டத்தில் நாமும் இருந்தோம். கைக்குழந்தையை ஏந்திய தாயரும், துவிச்சக்கர வண்டியில் இருத்தி உருட்டிச் செல்லப்பட்ட முதியோரும் எந்த நோய்க்கு அறுக்கப்பட்டனர்? "எல்லாம் வினை" என்று அங்கே சொன்னவரும் உளர். தம்மை நோக்கி அவ்வாறு கூறியவரை வணங்கினோம். பக்கத்தில் அழுதவரை நோக்கிக் கூறியவரிடம் எமக்கு மதிப்பு உண்டாகவில்லை.

வினைக்கொள்கையில் நாவலர் பெருமானிலும் உறுதியுடையார் யார்? 1876, 1877ஆம் ஆண்டுகளிற் பஞ்சம் வந்தபோது அவர் செய்தது கஞ்சித்தொட்டித் தருமம்.

புராணத்திலேயே ஒரு குறிப்பு உண்டு. படிப்போர் அதனை விரைந்து கடந்துவிடுகின்றனர். இந்திரன் மகன் சயந்தன் சூரனுடைய சிறையில் வாடியபோது, பெருமான் அவன் கனவிலே தோன்றி ஆறுதல் அளித்தருளினார். எமக்கு இத்துன்பம் ஏன் வந்தது என்னும் அவன் வினாவுக்கு, சிவநிந்தை நிகழ்ந்த தக்கன் வேள்வியிலே தேவர் அவியுண்ட குற்றத்தை வியாழகுரு விரித்துரைப்பதோ நூலின் இறுதியாகிய தக்ஷ காண்டத்தில். அப்பொழுது சூரனும் இல்லை, சிறையும் இல்லை. சயந்தன் விடுதலை பெற்றவனாய், தானே கேட்டு, விடை பெறுகின்றான். பயன் சொல்லும் பெரியோர் இந்த முறைவைப்பைச் சிறிது நின்று விளக்குவாராயின், கேட்போருள் 1995இல் அப்பாலத்தைக் கடந்தவர் பலர் இன்னும் உளர்.