அம்மா கன்னத்தில் ஒரு கோடு

பிலிம் கழுவறதைப் பத்தி எழுதுன்னு யாரும் கேக்கலை. வயித்தெரிச்சல் அடங்காததால எழுதறேன். பொறுத்துக்கோங்க மக்களே.

போன டிசம்பர்ல அம்மா கும்பகோணத்துலேர்ந்து நாக்பூருக்கு வந்து ரெண்டு வாரம் இருந்தாங்க. கேமராவைப் பார்த்தாலே விறைச்சுக்கற ஆள். என்னோட பழைய 4×5 அங்குல பெட்டிக் கேமராவுல நாலு ஷீட் எடுத்தேன். மூணுல ரேஷன் கார்டு முகம். நாலாவது எடுக்கறப்ப பேத்தி என்னமோ சொல்ல, சிரிச்சுட்டாங்க.

அன்னிக்கு ராத்திரியே பாத்ரூம்ல சிவப்பு விளக்கைப் போட்டு நாலையும் ஒரே டிரேயில போட்டேன். அடியில இருக்கறதை உருவி மேல வைக்கணும், திரும்ப அடியில இருக்கறதை உருவணும், சீட்டுக்கட்டு மாதிரி. தனித்தனியா கழுவினா நேரமும் கரைசலும் வீணாம். பேங்க் புத்தி! காஞ்சப்புறம் பார்த்தா, சரியா அந்தச் சிரிப்பு ஷீட்ல, காதுலேர்ந்து வாய் வரைக்கும் ஒரு கோடு. நெகட்டிவ்ல மருந்து உரிஞ்ச இடம் பிரிண்ட்ல கறுப்பா வரும். அம்மாகிட்ட போன்ல சொன்னேன். "கோடுதானேடா, வயசானா எல்லாருக்கும் விழறதுதான்"ன்னாங்க.

நான் பயன்படுத்தறது ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிலிம். போட்டோவுக்குன்னே வர்ற ஷீட் பிலிம் விலை நமக்குக் கட்டுப்படி ஆகாது. 8×10 எக்ஸ்ரே ஷீட்டை நாலா வெட்டி, ஓரத்தைத் துளி சீவினா ஹோல்டர்ல உக்காந்துக்கும். ஆனா அதுல பெரும்பாலும் ரெண்டு பக்கமும் மருந்து. சாதா பிலிம்னா முதுகுப் பக்கம் தரையில தேய்ஞ்சாலும் அவ்வளவா பாதகமில்லை. இதுக்கு முதுகே கிடையாது, ரெண்டுமே முகம்தான். அந்த மருந்தைப் பிடிச்சு வச்சிருக்கறது ஜெலட்டின். தண்ணி பட்டா ஊறி உப்பி, ஆறின பால் மேல ஏடு மாதிரி ஆயிடும். அடுத்த ஷீட்டோட மூலை லேசா இடிச்சாப் போதும்.

முதல்ல ஹோல்டரைத்தான் சந்தேகப்பட்டேன். ஹோல்டர்ல மண் துகள் இருந்து கீறினா, கோடு ஓரத்துக்கு இணையா நேரா போகும். என்னோடது வளைஞ்சு நெளிஞ்சு போச்சு. டிரே வேலைதான்.

இப்ப ஒரு டிரேக்கு ஒரே ஒரு ஷீட். டிரே அடியில வரி வரியா மேடு இருந்ததால, போட்டோ பிரேம் போடற கடையில அளவுக்குக் கண்ணாடி வெட்டி, விளிம்பை மழுக்கச் சொல்லி உள்ள போட்டுட்டேன். பிலிமைக் கையால தொடறதில்லை, டிரேயோட ஒவ்வொரு மூலையா லேசா தூக்கி இறக்கறேன். பிளேடால வெட்டின ஷீட்டோட மூலை முள்ளு மாதிரி இருக்கும். நகவெட்டியால அதை உருட்டிடறேன், அப்படியே என் நகத்தையும். கரைசல், தண்ணி எல்லாமே 20 டிகிரி. மே மாசம் நம்ம ஊர் டேங்க் தண்ணியில டீயே போடலாம், அந்தச் சூட்டுல ஜெலட்டின் கூழாயிடும். அதனால ஐஸ் வேணும், இல்லேன்னா குளிர்காலம் வரைக்கும் சும்மா இருக்கணும். கடைசியில விரலால தண்ணியை வழிக்கிற பழக்கத்தையும் விட்டாச்சு. மூலையில கிளிப் மாட்டித் தொங்கவிட்டா அதுவா வடியுது. அதுக்கப்புறம் கழுவின பதினோரு ஷீட்ல ஒண்ணுலயும் கீறல் இல்லை. எல்லாம் தெருவும் மரமும்தான், அதான் கொடுமை.

அம்மா நெகட்டிவை விளக்குல சாய்ச்சுப் பார்த்ததுல, கோடு பின்பக்க மருந்துல மட்டும்தான்னு தெரிஞ்சுது. அதைக் காப்பாத்த ஒரு வழி இருக்கு. நல்ல பக்கம் கண்ணாடியைப் பார்த்து இருக்கற மாதிரி, நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டணும். மேல துணி வெளுக்கிற பிளீச்சை ஊத்தினா பின்பக்க மருந்து முழுசா கரைஞ்சு போகும், கீறலும் போகும். நெகட்டிவ் கொஞ்சம் வெளிறும், பரவாயில்லை. ஆனா டேப்புக்கு அடியில ஒரு சொட்டு கசிஞ்சா சிரிப்பும் சேர்ந்து போயிடும். மரம் இருக்கற நெகட்டிவ்ல மூணு தடவை செஞ்சு பார்த்தேன். ரெண்டு நல்லா வந்தது. ஒண்ணு ஓரத்துல கசிஞ்சு பாதி மரத்தைக் காணோம்.

மூணுக்கு ரெண்டுன்னா எங்க பேங்க்ல லோன் குடுக்க மாட்டோம். தங்கமணி பிளீச் பாட்டிலைத் திரும்ப வாஷிங் மெஷின் பக்கத்துல கொண்டுபோய் வச்சுட்டாங்க. இன்னும் பத்து மரமாவது கழுவிப் பார்த்துட்டுத்தான் அதைத் தொடறதா இருக்கேன்.