படத்திற்கு முன் பிறந்த இசை

1975ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தின் முதல் வாரத்தில் ஜப்பானின் ஃபூஜி தொலைக்காட்சி இரண்டு சித்திரத் தொடர்களைத் தொடங்கிற்று. ஒன்று, ஆயிரத்தொரு இரவுக் கதைகளைத் தழுவிய ‘சிந்துபாத்’. 52 பகுதிகள் கொண்டது. மற்றொன்று, கோ நாகாய் என்னும் சித்திரக்கதை ஆசிரியரின் கற்பனையில் உதித்த ‘கிரெண்டைசர்’. 74 பகுதிகளாக 1977 பிப்ரவரி வரை நீடித்தது. சிந்துபாத், மைனாவாக மாற்றப்பட்ட இளவரசியொருத்தியைத் துணையாகக் கொண்டு கடல் கடக்கும் பாக்தாத் நகரத்துச் சிறுவன். கிரெண்டைசரின் நாயகனாகிய டியூக் ஃப்ளீடோ, பகைவரால் அழிக்கப்பட்ட தன் கோளிலிருந்து தப்பிவந்து, பூமியில் ஒரு பண்ணையில் அடைக்கலம் புகுந்தவன். கதையாலும் களத்தாலும் இவ்விரண்டுக்கும் யாதொரு உறவுமில்லை. ஆயினும் இரண்டின் பின்னணியிலும் ஒலித்தது ஒரே மனிதரின் இசை. ஷுன்சுகே கிகுச்சி என்பது அவர் பெயர். ஜப்பானின் வடக்கே, பனி மிகுந்த அவொமோரி மாநிலத்தின் ஹிரொசாகி நகரில் 1931இல் பிறந்தவர்.

இவ்விரு தொடர்களும் பின்னர் அரபு பேசக் கற்றுக்கொண்டன. அரபு நாடுகளின் இல்லங்களுக்குள் அவை நுழைந்தபோது, பிழைப்பு நாடி வளைகுடா சென்று குடும்பத்தோடு வாழ்ந்த நம்மவர் வீடுகளுக்குள்ளும் உடன் நுழைந்தன. தமிழைத் தவிர வேறொன்றும் அறியாத பிள்ளைகள் அரபியில் சிந்துபாத் பேசக் கேட்டு வாய் பிளந்து அமர்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். மொழி விளங்காத அப்பிள்ளைகளுக்குக் கதையை விளக்கிச் சொன்னது எது? சித்திரம் பாதி சொல்லிற்று. மீதியைச் சொன்னது கிகுச்சியின் இசை.

அந்த இசை உருவாகும் முறை விந்தையானது. அமெரிக்காவில் ‘டாம் அண்ட் ஜெர்ரி’ படங்களுக்கு இசையமைத்த ஸ்காட் பிராட்லி, ஒவ்வொரு படத்திற்கும் புதிதாக எழுதுவார். பூனை ஓர் அடி எடுத்து வைத்தால் வாத்தியமும் ஓர் அடி எடுத்து வைக்கும். வாரந்தோறும் ஒரு பகுதி என ஆண்டுக்கணக்கில் ஓடும் ஜப்பானியத் தொடருக்கு இது கட்டுபடியாகாது. ஆகவே அங்கே வேறொரு வழக்கம் வேரூன்றிற்று. தொடர் தொடங்குமுன்னரே ஒலி இயக்குநர் இசையமைப்பாளரிடம் ஒரு பட்டியலைக் கொடுத்துவிடுவார். துயரம், சற்றே ஆழ்ந்த துயரம், பகைவர் வருகை, விடியற்காலை, வெற்றி, வேடிக்கை என்று அப்பட்டியல் நீளும். இசையமைப்பாளர் இன்னும் வரையப்படாத காட்சிகளுக்காக இத்துண்டுகளை எழுதி, வாத்தியக் குழுவை அமர்த்தி, மொத்தமாகப் பதிவு செய்துவிடுவார். சில துண்டுகள் ஒருசில விநாடிகளே ஒலிக்கும். சில இரண்டு மூன்று நிமிடம் வரை நீளும். ஒவ்வொன்றுக்கும் ‘எம்’ என்னும் எழுத்தோடு ஓர் எண் இடப்படும். அதன்பின், எந்தக் காட்சிக்கு எந்த எண், எந்த இடத்தில் தொடங்கி எங்கே ஓய்வது என்பதையெல்லாம் முடிவு செய்பவர் ஒலி இயக்குநரோ, இசைத் தெரிவுக்கென்றே அமர்த்தப்பட்டவரோதான். இசையமைப்பாளர் அவ்வேளை வேறொரு படத்துக்கு எழுதிக்கொண்டிருப்பார்.

மளிகைக் கடையின் இழுப்பறைகள்தாம் எனக்கு நினைவுக்கு வருகின்றன. சீரகம் ஓர் அறையில், சோம்பு ஓர் அறையில். பண்டம் கிகுச்சியுடையது, பொட்டலம் கட்டியவர் கை வேறொருவருடையது. இப்படிப் படமும் இசையும் தனித்தனியே பிறப்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழற்றிவிடவும் முடிகிறது. 1974இல் ஜப்பானில் வெளியான ‘ஹைடி’ தொடர் 1977இல் ஜெர்மன் மொழிக்குப் பெயர்ந்தபோது, தக்கேயோ வதனாபேயின் இசையை நீக்கிவிட்டு வேறு இசையைச் சேர்த்தார்கள். அதே மலை, அதே சிறுமி, அதே ஆடுகள்; ஆனால் ஜெர்மன் குழந்தை வேறொரு ஹைடியோடு வளர்ந்தது.

சிக்கனம் கருதி வந்த இந்த ஏற்பாட்டில், யாரும் திட்டமிடாத ஒரு பயனும் விளைந்தது. ஒரே துண்டு வெவ்வேறு வாரங்களில், வெவ்வேறு துயரங்களின் மீது திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. முதல் இரண்டு சுரங்கள் கேட்டதுமே பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது, இனி வரப்போவது இன்னது என்று. பழைய துயரம் புதிய துயரத்தின் மேல் வந்து அமர்கிறது. கிகுச்சியிடம் இன்னொரு தன்மையும் உண்டு. வீரம் பேசும் இடத்திலும் அவர் சோகச் சாயல் படிந்த மைனர் சுரவரிசையைத்தான் பெரிதும் நாடுவார். எக்காளம் முழங்கும், வெற்றி வெற்றி என்று முழங்கும், அதன் அடியில் இழந்தவனின் ஏக்கம் ஓடிக்கொண்டிருக்கும். கிரெண்டைசர் லெபனானில் அரபியாக்கப்பட்டது எழுபதுகளின் இறுதியில். டியூக் ஃப்ளீடுக்குக் குரல் கொடுத்தவர் ஜிஹாத் அல் அத்ரஷ். பாடலைப் பாடியவர் சாமி கிளார்க். 1975இல் மூண்ட உள்நாட்டுப் போர் அந்த மண்ணில் அப்போது எரிந்துகொண்டிருந்தது. ஊரிழந்த இளவரசனின் கதையை, ஊரிழந்துகொண்டிருந்த பிள்ளைகள் அந்த இசையோடு கேட்டார்கள். வேறு வகை இசை அங்கே எடுபட்டிருக்குமா என்பது ஐயமே.

என் வாப்பா உம்ரா முடித்துவிட்டு எங்களோடு மூன்று மாதம் தங்கியிருந்தார்கள். வாத்தியங்களின் விஷயத்தில் அவர்கள் பேணுதலானவர்கள். தஃப் ஒன்றைத் தவிர மற்றெதுவும் அவர்களுக்கு உவப்பில்லை. நாகூர் ஹனீபாவின் குரலை விரும்பிக் கேட்பார்கள். உடன் ஒலிக்கும் கருவிகள் இல்லாதிருந்தால் இன்னும் நன்றாயிருக்கும் என்பார்கள். பேரப்பிள்ளைகளின் மனம் நோகவும் சம்மதியாமல், “படம் பார்க்கட்டும், சத்தத்தை மட்டும் குறைச்சுடு தம்பி” என்றார்கள். அவ்வாறே செய்தேன். சித்திரங்கள் ஊமையாய் ஓடின. சிறிது நேரத்தில் என் மூத்த மகள் தனக்குள் ஏதோ முனகத் தொடங்கினாள்.

“என்னம்மா முணுமுணுக்கிறே? பைத்தா?” என்றார்கள் வாப்பா.

“இல்லே வாப்பிச்சா. இப்ப டியூக்குக்கு அவன் ஊர் ஞாபகம் வந்துடுச்சு. அதுக்கு இதுதான் வரும்.”

வாப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, “சத்தத்தைத் தாழ்த்திட்டாப் போதும்னு நெனச்சேன். அது எப்பவோ உள்ளே போயிடுச்சே” என்றார்கள்.

இசை பற்றிய மார்க்கத் தீர்ப்பை ஆய்வது என் தகுதிக்கு அப்பாற்பட்டது. அறிஞர்களிடையே அதில் கருத்து வேற்றுமை உண்டென்பதை வாசகர்கள் அறிவார்கள். நான் சொல்ல வந்தது வேறு. “பின்னணி இசைதானே, யார் கவனிக்கிறார்கள்?” என்று அலட்சியமாகப் பேசும் படித்தவர்களைக் காட்டிலும், அதை விலக்க நினைத்த என் வாப்பா அதற்கு அதிக மரியாதை செய்தார்கள் என்றே எனக்குப் படுகிறது. அது பிள்ளையின் உள்ளத்தில் இடம் பிடிக்க வல்லது என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். இசைக்கருவி எதுவும் ஒலிக்காத அரபுத் தொலைக்காட்சிகளும் பின்னாளில் தோன்றின. அவர்களும் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடவில்லை. மனிதக் குரலைக் கொண்டு நிரப்பினார்கள். கவனியாத ஒன்றை நிரப்ப எவரும் பாடுபடமாட்டார்.

கிகுச்சி 2021 ஏப்ரலில் தமது 89ஆம் வயதில் காலமானார். 1979இல் தொடங்கிய ‘டோரேமான்’ தொடருக்கும் அவரே இசையமைப்பாளர். இன்று நம் பிள்ளைகளுக்கு அந்த நீலப் பூனையைத் தெரியும், அவரைத் தெரியாது. 2024இல் சவூதியின் மங்கா புரொடக்‌ஷன்ஸ் நிறுவனத்தின் முயற்சியில் கிரெண்டைசர் புதிதாகத் தயாராகி வந்தது. இசை கொஹெய் தனாக்கா. தேர்ந்த கைவண்ணம், குறை சொல்வதற்கில்லை. என் மகள் தன் பிள்ளைகளோடு அமர்ந்து பார்த்தாள். டியூக் தன் ஊரை நினைக்கும் கட்டம் வந்ததும் அவளையறியாமல் அந்தப் பழைய துண்டு அவள் வாயில் வந்துவிட்டது.

“உம்மா, சும்மா இருங்க. பாட்டு கேக்க மாட்டேங்குது” என்றான் அவள் மகன்.