டயருக்கும் ஜாதகம் உண்டு

வண்டி வாங்கும்போது மாடல் பார்ப்பார்கள், கலர் பார்ப்பார்கள், முன் கண்ணாடியில் எந்த சாமி பேரை எழுதுவது என்று வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடக்கும். டயர் என்று வந்தால் மட்டும் "பழசு என்ன சைஸோ அதையே போடுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். காருக்கு இது பெரும்பாலும் ஓடிவிடும். சுமை ஏற்றும் வேனுக்கு ஓடாது.

சின்ன வண்டிகளையே எடுத்துக்கொள்வோம். 1984-ல் வந்து 2019-ல் உற்பத்தி நின்றுபோன மாருதி ஆம்னி, 2005-ல் வந்த டாடா ஏஸ் (ஏஸ் வேன் இல்லை, குட்டி லாரி என்று சண்டைக்கு வருபவர்கள் வரிசையில் வரவும்!), இரண்டிலும் சாதாரணமாகப் பார்க்கக் கிடைக்கும் சைஸ் 145 ஆர் 12. இதில் 145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். ஆர் என்றால் ரேடியல். 12 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே டயரில் மில்லிமீட்டரும் அங்குலமும் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்று கேட்கக்கூடாது, நடத்துகின்றன :) சில டயர்களில் 155/65 என்று இருக்கும். அந்த 65, பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. இரண்டாவது எண்ணே இல்லையென்றால் சுமார் 80 என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதுவரை எல்லாரும் படித்துவிடுவார்கள். அதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதுதான் வேன்காரருக்கு சோறு போடும் விஷயம். எல்.டி., 8 பி.ஆர்., 86/84 என்று ஏதோ இருக்கும். எல்.டி. என்றால் சுமை வண்டிக்கான டயர். பி.ஆர். என்பது ஒரு காலத்தில் உள்ளே எத்தனை அடுக்கு பருத்தித் துணி என்ற கணக்கு. இப்போது அது பலத்தைக் குறிக்கும் அளவு மட்டும்தான், 8 பி.ஆர். டயரைக் கிழித்துப் பார்த்தால் எட்டு அடுக்கு இருக்காது. 86/84 என்பது சுமைக் குறியீடு. 86 என்றால் ஒரு டயர் 530 கிலோ தாங்கும், பக்கத்துக்கு இரட்டை டயர் போட்டால் 84, அதாவது 500 கிலோ.

இப்போது ஒரு தண்ணி கேன் வண்டியைப் பார்ப்போம். 20 லிட்டர் கேன் ஒன்று, தண்ணீரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து சுமார் 20.7 கிலோ. 35 கேன் ஏற்றினால் 725 கிலோ வரும். அதில் பெரும்பங்கு பின் அச்சின் தலையில்தான் விழும். வண்டியின் சொந்த எடையும் சேர்ந்து பின்னால் 900 கிலோ இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் மூன்று டயர் கிடைக்கிறது. மூன்றுமே 145 அகலம், 12 அங்குல ரிம். கார் டயரில் குறியீடு 74, அதாவது 375 கிலோ, இரண்டுக்கு 750. எல்.டி. 6 பி.ஆரில் 80 என்று இருந்தால் 450 கிலோ, இரண்டுக்கு மிகச்சரியாக 900. எல்.டி. 8 பி.ஆரில் 86 என்றால் இரண்டுக்கு 1,060. "எல்லாம் ஒரே சைஸ்தான் அண்ணே, கார் டயர்னா விலையும் கம்மி, வண்டியும் மெத்துன்னு போகும்" என்று கடைக்காரத் தம்பி சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. சைஸ் ஒன்றுதான். ஆனால் 150 கிலோ உதைக்கிறதே!

உதைத்தால் என்ன ஆகும்? உடனே ஒன்றும் ஆகாது, அதுதான் ஆபத்து. எடையைத் தாங்குவது ரப்பர் இல்லை, உள்ளே இருக்கிற காற்று. அந்தக் காற்றை எவ்வளவு அழுத்தத்தில் பிடித்து வைக்க முடியும் என்பதுதான் டயரின் பலம். சுமை மீறினால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும், சூடாகும். மே மாத மத்தியானத்தில் தார் ரோடும் தன் பங்குக்குச் சூடு சேர்க்கும். கடைசியில் ரப்பர் உள்ளே இருக்கும் கம்பி வலையை விட்டுப் பிரிந்து வெடிக்கும். 8 பி.ஆர். வாங்கிவிட்டு கார் காற்றையே அடித்து ஓட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான், காசு கொடுத்த பலம் கிடைக்காது. எவ்வளவு காற்று என்பது வண்டியோடு வந்த புத்தகத்திலோ கதவோர ஸ்டிக்கரிலோ இருக்கும். டயர் மேலே அச்சடித்திருப்பது உச்ச வரம்பு, அதை அப்படியே அடிக்கச் சொல்லவில்லை.

சரி, பெரிய டயராகப் போட்டால்? வேனைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும் ஆசை நிறைய பேருக்கு உண்டு. 145 ஆர் 12-ன் மொத்த உயரம் சுமார் 537 மி.மீ. 155/80 ஆர் 12 போட்டால் 553. மூன்று சதவீத வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் 1,000 கி.மீ. ஓடிய வண்டி மீட்டரில் 971 என்று காட்டும். ஓனர் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு "மைலேஜ் விழுந்துடுச்சு" என்று மெக்கானிக்கைத் திட்டுவார். முழு லோடோடு மேடேறும்போது கிளட்ச்சும் கொஞ்சம் கூடுதலாக அழும். டயர் வீல் ஆர்ச்சில் உரசினால் அது தனிச் செலவு.

செலவு என்றதும் ஒரு கணக்கு. உதாரணத்துக்கு 3,000 ரூபாய் டயர் 30,000 கி.மீ. ஓடினால் கிலோமீட்டருக்கு 10 பைசா. 3,600 ரூபாய் டயர் 45,000 ஓடினால் 8 பைசா. பில்லில் 600 ரூபாய் அதிகமாகத் தெரிவது, ஓட ஓட லாபமாகிவிடுகிறது. பாதி வழியில் வெடித்து, கேன் உடைந்து, ஒரு நாள் லைன் போனால் ஆகும் நஷ்டம் இதில் சேரவே இல்லை.

இரண்டு மட்டும் மாற்றுகிறவர்கள் புதுசை முன்னால் போடுவதுதான் ஊர் வழக்கம். மழையில் முன் சக்கரம் வழுக்கினால் ஸ்டியரிங்கை வைத்து ஏதாவது செய்யலாம், பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும். புதுசு பின்னாலேயே இருக்கட்டும். டயரில் பதித்திருக்கும் கடைசி நான்கு இலக்கத்தையும் பாருங்கள், 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம் பிறந்தது. நான்கைந்து வருஷம் குடோனில் தூங்கியதைப் புதுசு என்று தலையில் கட்டினால் அங்கேயே தெரிந்துவிடும்.

ஸ்டெப்னியை மறக்க வேண்டாம். அந்தப் பெயரே வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் உள்ள ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது, 1904-ல் அங்கேதான் அந்த மாற்றுச் சக்கரம் உருவானது. நான்கு டயரையும் எல்.டி.யாக மாற்றிவிட்டு, அடியில் பழைய கார் டயரைத் தொங்கவிட்டுக்கொண்டு 35 கேனோடு கிளம்புகிற வண்டிகள் ஏராளம். பஞ்சர் பின் சக்கரத்தில் ஆனால் அந்த 375 கிலோ டயர்தான் மாட்டப்படும்.